சிநேகிதத்துக்கு முறை போட்டவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பையனோடு சிநேகிதமாக இருப்பதை, தண்ணீர்ப் பானை நிரப்புவது, கரும்பலகை துடைப்பது ஆகிய வேலைகளோடு சேர்த்து வகுப்பில் முறை போட்டுக் கொடுத்த ஆசிரியர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த மேதாவி நான்தான். திங்கட்கிழமை ஒருவன் பானை, ஒருவன் பலகை, ஒருவன் முரளி. செவ்வாய்க்கிழமை வேறு மூவர். இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்த அன்று சாயங்காலம் சைக்கிளில் சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதாக ஞாபகம். எனக்குச் சீட்டி அடிக்க வராது. அப்படியும் அடித்தேன்.

புதிதாகப் பள்ளிக்கூட வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் பாடம் நடத்துவது எப்படி என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள். கேட்டாலும் நான் உளறுவேன். பயிற்சிப் பள்ளியில் சொன்னதெல்லாம் உங்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். நான் சொல்ல வந்தது அங்கே சொல்லாத ஒரு சங்கதி. அதைச் சரியாகச் செய்துவிட்டு வந்து பெருமை பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுபதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. ஊர் ஸ்ரீரங்கம் என்பதால் வகுப்பில் ரெங்கராஜன்களுக்குப் பஞ்சமில்லை. 'ரெங்கா, எழுந்திரு' என்றால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்கும். என்னைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். முன்வழுக்கை, முன்தொப்பை, மேடு ஏறும்போதெல்லாம் செயின் கழன்றுவிடும் சைக்கிள். கடவுள் கொடுத்த இந்த முதலை வைத்தே நான் வகுப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரித்தால் பாடம் ஏறிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொள்வேன்.

பள்ளி திறந்து கொஞ்ச நாள் கழித்து முரளி வந்து சேர்ந்தான். அவன் அப்பாவுக்குத் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. அங்கே படித்த பள்ளியில், இந்தப் பையனை எங்களால் மேய்க்க முடியாது என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் அம்மா அவனை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவார்.

"அவன் கெட்ட பையன் இல்லீங்க சார். தோத்தா மட்டும் தாங்க மாட்டான்" என்றார் அந்த அம்மா.

"யாருங்கம்மா தாங்குறா? சீட்டாட்டத்துல தோத்தா நானே ரெண்டு நாளைக்கு யாரோடயும் பேச மாட்டேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "அவனோட வெளையாட ஒரே ஒரு புள்ள கெடைச்சா போதுங்க சார். படிப்புகூட அப்புறந்தான்" என்றார்.

படிப்பு அப்புறம் என்று ஒரு தாய் சொல்லி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

தோற்றால் தாங்க மாட்டான் என்பது எவ்வளவு அடக்கமான பேச்சு என்று அந்த வாரமே தெரிந்தது. கோலியில் தோற்றான், ஜெயித்த ரெங்கராஜனின் தோள்பட்டையில் பல் பதிந்தது. கணக்கில் பக்கத்துப் பையன் முந்திக்கொண்டான்; சிலேட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. பூக்காரம்மா ஒருவர் அதைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து, "இது யாரு வூட்டுது? என் தலைக்கு வந்தது கூடைக்குப் போச்சு" என்று கேட்டுவிட்டுப் போனார். வகுப்பு உருண்டு சிரித்தது. நானும்தான். கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டபோதுதான் முரளி அங்கே நிற்பது தெரிந்தது. கோபம் வந்த வேகத்தில் போய்விடும். போன பிறகு, இதையா நான் செய்தேன் என்று அவனே திகைத்து நிற்பான். அந்தத் திகைப்பைப் பார்க்கிறவரை யாரும் அங்கே காத்திருப்பதில்லை. பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். ஒதுங்காத ஒன்றிரண்டு பேர், வேண்டுமென்றே சீண்டி வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

அப்போதுதான் அந்த முறை ஏற்பாடு. வகுப்பு லீடரைக் கூப்பிட்டு, தினம் ஒருவன் இடைவேளையில் முரளியோடு விளையாட வேண்டும், அவனைத் தோற்கடித்துவிடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள். மணி அடித்ததும் வரிசையாக வந்து நிற்பார்கள். "பானை ரொப்பியாச்சு சார்." "போர்டு தொடச்சாச்சு சார்." "முரளியோட வெளையாடியாச்சு சார்." கடியும் இல்லை, சிலேட்டும் பறக்கவில்லை. தலைமையாசிரியரிடம் நானாகப் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் முரளியே என் மேஜைக்கு வந்தான்.

"சார், எனக்கு எப்ப சார் முறை வரும்?"

"என்ன முறைடா? பானையா, போர்டா?"

"அது இல்ல சார். சிநேகிதம். நானும் யாருக்காச்சும் போறேன் சார். நல்லா செய்வேன்."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்கு மட்டும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் பள்ளியில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். ஊசியை அவர் கையில் மட்டும் வைத்திருக்கவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். காஜா தைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க அவனுக்குச் சிநேகிதம் புடிச்சுக் குடுக்கல சார். ஆயா வேலைக்கு ஆள் போட்டிருக்கீங்க."

"அப்ப என்னதான் பண்றதுங்க டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. கொஞ்ச நாளைக்கு."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எனக்குக் கைவராத கலை. இருந்தாலும் முறையை எடுத்துவிட்டேன். மறுநாள் இடைவேளையில் முரளி பானைக்குப் பக்கத்தில் போய் நின்றான். யாரும் வரவில்லை. நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அந்தோணி கிட்டிப்புள்ளோடு வந்தான்.

அந்தோணியும் என் வகுப்புதான், திருவானைக்காவல் பையன். அப்பா ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க்; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, அதிர்ந்து பேசாத குடும்பம். பையன் மட்டும் எப்படியோ வாயாடியாகப் பிறந்துவிட்டான். எந்த ஆட்டமானாலும் அழுகுணி ஆட்டம் ஆடுவான். அவுட் ஆனால் இல்லை என்று சத்தியம் பண்ணுவான். முரளிக்கு ஒரு நல்ல சிநேகிதனை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லியிருந்தால், நான் கடைசியாகக் கைகாட்டுகிற ஆள் அவன்.

"டேய் அந்தோணி, முறையெல்லாம் சார் எடுத்துட்டாரு. நீ போக வேணாம்" என்று லீடர் கத்தினான்.

"தெரியும் போடா. இவன் கிட்டி நல்லா அடிக்கிறான்."

அவ்வளவுதான் காரணம். பரிதாபமும் இல்லை, சாரின் உத்தரவும் இல்லை. நல்லா அடிக்கிறான்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் சேர்ந்து விளையாடினார்கள். தினமும் சண்டையும் போட்டார்கள். அந்தோணி ஏமாற்றுவான், முரளிக்கு மூக்கு விடைக்கும், கை ஓங்கும். உடனே அந்தோணி சுண்டுவிரலை நீட்டி, "காய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொள்வான். இனி உன்னோடு பேச்சில்லை என்பதற்கு நம் பிள்ளைகள் வைத்திருக்கும் ஏற்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. முரளியும் ஓங்கிய கையிலிருந்து சுண்டுவிரலைப் பிரித்து, "நீயும் காய், போ" என்பான். ஆளுக்கொரு மூலை. அப்புறம் யாராவது ஒருவன் மெல்லத் திரும்பி வந்து இரண்டு விரலைச் சேர்த்து நீட்டுவான். "பழம்." மறுபடி ஆட்டம். முதலில் எப்போதும் அந்தோணிதான் பழம் விட வருவான். போகப்போக முரளியும் வர ஆரம்பித்தான்.

தையல் டீச்சர் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "பாத்தீங்களா. கடிக்கறதுக்குப் பதிலா காய் விடறான்."

நான் பார்த்தேன், சிரித்தேன். அவர் காட்டியது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பையனின் கோபத்துக்கு ஒரு வாசல் கிடைத்திருந்தது. அதைவிட, கோபம் போன பிறகு திரும்பி வர ஒரு வழி கிடைத்திருந்தது. இதை நானோ, அவன் அம்மாவோ, திருவெறும்பூர் பள்ளியோ கொடுக்கவில்லை. ஏமாற்றுக்கார அந்தோணி கொடுத்தான்.

அந்த அம்மா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். "வீட்டுல எப்பப் பாத்தாலும் அந்தோணி பேச்சுதான் சார். அந்தோணி இப்படிச் சொன்னான், அந்தோணி அப்படி ஏமாத்துனான்னு." இந்தத் தடவை சிரித்தார்.

தீபாவளி மழை ஓய்ந்து மைதானம் காய்ந்த சமயம். அன்று மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். பார்த்துக்கொள்ளவில்லை. புங்கமரத்தடியில் ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளியைச் சோதிக்க வருகிற அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வரவேற்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே மைதானத்தின் மறுபக்கம் ஓர் அலறல் கேட்டது.

புள் விழுந்த தூரத்தை அளக்கும்போது அந்தோணி வழக்கம்போல் ஏமாற்றியிருக்கிறான். சுற்றி நின்ற அடுத்த வகுப்புப் பையன்கள், "தோத்தாங்கோளி முரளி, கடிடா, கடி" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காய் என்று சொல்ல அந்தோணிக்கு நேரம் இருந்திருக்காது. முரளி கையிலிருந்த கோல் அவன் புருவத்தைப் பிளந்துவிட்டது. மயிரிழையில் கண் தப்பியது.

அந்தோணியைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து டாக்டரிடம் ஓட்டினேன். அன்றைக்கு மட்டும் செயின் கழலவில்லை. என் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் சொன்னான்: "அவன அடிச்சுடாதீங்க சார். நாந்தான் அளக்கறப்ப ஏமாத்துனேன்."

"நீ கம்முனு வா" என்றேன்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறை. அவர் நியாயமான மனிதர், ஆனால் பயந்த மனிதர். அந்தோணியின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்தோணி புருவத்தில் கட்டோடு அவர் பக்கத்தில். வாசற்படிக்கு வெளியே முரளியும் அம்மாவும். அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"டி.சி.யைக் குடுத்துடுவோம். கண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியர்.

அந்தோணியின் அப்பா தணிந்த குரலில், "பையனுங்க வெளையாட்டுல நடக்கறதுதாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க, அது போதும்" என்றார்.

அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். கதவு நிலைக்குப் பக்கத்தில் முரளியின் கை தெரிந்தது. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தான். அந்தோணியும் பார்த்துவிட்டான். தொடையில் வைத்திருந்த அவன் கை கொஞ்சம் மேலே எழும்பியது.

இந்த இடத்தில்தான் தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "வகுப்புல சிரிப்பு காட்டிக்கிட்டே இருந்தா இப்படித்தான் சார் ஆவும். நீங்க என்ன செய்யப்போறீங்க, அதச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. உண்மை அல்லவா, அதனால்தான். பையனுக்கு டி.சி. கொடுத்தால் இன்னொரு பள்ளி, இன்னொரு மாமா வீடு. அதைத் தடுக்க வேண்டும். நானும் ஒரு பொறுப்பான ஆசிரியன் என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்தேன்.

"சார், டி.சி. வேணாம். இன்னையிலேர்ந்து இவங்க ரெண்டு பேரும் சேரக் கூடாது, பேசக் கூடாது. பேசுனா ரெண்டு பேரையும் நானே வெளிய அனுப்பிடறேன். நான் பொறுப்பு." பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, என் வாழ்நாளிலேயே இல்லாத ஒரு குரலில், "காதுல விழுந்துதா?" என்றேன்.

அந்தோணியின் கை கீழே இறங்கியது. கதவுப் பக்கத்திலிருந்த கையும் மறைந்தது.

நாற்பது வயதுவரை விளையாட்டாகவே காலம் கழித்த நான் ஒரே ஒரு நாள் கறாராக இருந்தேன். தப்பான நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பையனின் படிப்பைக் காப்பாற்றினேனாம். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

சொன்ன சொல்லை அந்தப் பையன்கள் காப்பாற்றினார்கள், நானும் விடாமல் கண்காணித்தேன். ஒருவனை முன் பெஞ்சு, ஒருவனைப் பின் பெஞ்சு. மைதானத்தில் ஒருவன் கிழக்கே, ஒருவன் மேற்கே. அதற்குப் பிறகு முரளி யாரையும் கடிக்கவில்லை, எதையும் எறியவில்லை. இடைவேளையில் பானைப் பக்கம் போய் நிற்பான், மணி அடித்ததும் முதல் ஆளாக வந்து உட்காருவான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். 'அந்த முரளியவே திருத்திட்டீங்களே சார்' என்று தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். வழுக்கை இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

தையல் டீச்சர் மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்ததும், "திருந்தல்லாம் இல்ல சார். வெளையாடறத நிறுத்திட்டான். ஆடாதவன் எப்படி சார் தோப்பான்?" என்றார்.

அவர் சொன்னது புரிந்தது. புரிந்தும் தள்ளிப்போட்டேன். அரைப் பரீட்சை முடியட்டும், பொங்கல் போகட்டும், இன்ஸ்பெக்ஷன் முடியட்டும். இன்னொரு தடவை ரத்தம் வந்துவிட்டால் என் சொல் என்ன ஆவது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. பிள்ளைகளைப் பற்றிய பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருஷம் முடிந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். அடுத்த வருஷம் வேறு ரெங்கராஜன்கள் வந்தார்கள்.

உங்கள் வகுப்பிலும் ஒரு முரளி இருப்பான், அல்லது வருவான். அவனுக்குச் சிநேகிதம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். கிடைத்துவிடும், கிட்டி நன்றாக அடித்தால் போதும். அவன் அந்தச் சிநேகிதனை ஒரு நாள் அடித்துவிடுவான். அதற்கு மறுநாள்தான் முக்கியமான நாள். அடித்தவன் எப்படித் திரும்பி வருவது, அடிபட்டவன் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை அந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் செய்து பார்க்க முடியும். கதவுக்கு வெளியே அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். என் கண்முன்னால் நடந்தது. அந்த அறையில் நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது. தலைமையாசிரியர் டி.சி. கொடுத்திருப்பாரோ என்னவோ, தெரியாது. ஆனால் அந்தோணியின் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். பையன்கள் இருவரும் பழம் விட்டதைப் பார்த்திருந்தால் அவரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. நல்ல யோசனைகள் எனக்கு எப்போதும் ஓய்வுபெற்ற பிறகுதான் வருகின்றன.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அரும்புமீசையோடு ஒரு வாலிபன் வந்து, "வணக்கம் சார், என்னத் தெரியுதுங்களா?" என்றான். புருவத்தை இரண்டாக்கியிருந்த தழும்பைப் பார்த்ததும் தெரிந்தது. அந்தோணி. அப்பா வேலை பார்த்த கல்லூரியிலேயே பி.காம். கடைசி வருஷம் என்றான். வாயாடித்தனம் போய் அப்பாவின் தணிந்த குரல் வந்திருந்தது. என் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அப்புறம், உன் கூட்டாளி முரளி எப்படி இருக்கான்? ரெண்டு பேரும் இன்னும் கிட்டி அடிச்சு மண்டைய ஒடைச்சுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"திருவெறும்பூர்ல ட்ரெயினிங்ல சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன் சார்."

"கேள்விப்பட்டியா? ரெண்டு பேரும் ஒரே ஹைஸ்கூலுக்குத்தானடா போனீங்க?"

"ஆமா சார். ஒரே பஸ்ஸுதான். அவன் ஸ்ரீரங்கத்துல ஏறிட்டு வருவான், நான் திருவானைக்காவல்ல ஏறுவேன். ஸ்கூல் முடியிற வரைக்கும் அப்படித்தான்."

"அப்புறம் என்ன? தெனம் பாத்துக்கிட்டுதான இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தைகூடவா பேசிக்கல?"

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அவன் ஏறவில்லை. என்னைக் குற்றம் சொல்கிறவன் முகம் இல்லை அது, ஞாபகப்படுத்துகிறவன் முகம்.

"பேசலாம்னு நீங்க சொல்லவே இல்லியே சார்" என்றான்.